ஒல்லிப் பெட்டிக்கு ஒரு கார்டு

மே 4, சனி

மழை. நான்கு மணி ஊர்வலத்தை இன்றும் போனில்தான் பார்த்தேன். டேட்டா தீர்ந்துவிடக் கூடாதென்று மிகக் குறைந்த தரத்தில், புள்ளி புள்ளியாக. முப்பது பஸ்கள் நைவாஷா இறக்கத்தில் வரிசையாக இறங்கின. அதில் ஏழு என்னுடையவை. என்னுடையவை என்றால், நான் வர்ணம் தீட்டியவை. சிவப்பும் ஊதாவும் தெரிந்தன. மற்றதை நானே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடமாக, பஸ் ஓட்டும் இந்தக் கணினி விளையாட்டுக்கு மடாட்டு வர்ணம் வரைகிறேன். எங்கள் நைரோபித் தெருக்களில் ஓடும் தனியார் பஸ்களான மடாட்டுகளில் என்னென்ன உண்டோ அத்தனையும்: நெருப்பு, சிறுத்தை, பின்பக்கம் முழுக்க ஒரு முகம். கையெழுத்தாகப் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சின்னக் காக்கை. அதனால் வாட்ஸாப் குழுவில் நான் காக்கா. எல்லாரும் "காக்கா அண்ணே" என்கிறார்கள். நான் திருத்தியதில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் நாள் முழுக்க 'மிஸ்' ஆக இருப்பவளுக்கு, மாலையில் அண்ணனாக இருப்பது ஓய்வாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. என் பஸ் ஓடி நான் பார்த்ததே இல்லை. என் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு மூன்று நொடிக்கு ஒரு படமாக நகர்கிறது. பஸ் அதில் வேகவைத்த கிழங்கு மாதிரி இருக்கும். நான் வரைவதெல்லாம் தட்டையான தாளில், தையல்காரர் துணி வெட்டுவதுபோல. தைத்த சட்டையை ஊரே போட்டுக்கொண்டு திரிகிறது. நான் மட்டும் பார்க்கவில்லை.

மே 5, ஞாயிறு

முதுவா என்று ஒருவன் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். காலையில் குரல்பதிவு போட்டிருந்தான்.

"எனக்கு ஒரு சந்தேகம்ப்பா. காக்கா அண்ணன் ஒரு தடவகூட வண்டி எடுத்து வந்ததில்லையே, ஏன்? சமைக்கிறவன் ஒரு வாயாவது சாப்பிட மாட்டானா? வேற எவனோ வரைஞ்சத எடுத்துத் தன் காக்காய ஒட்டுறாரோ என்னமோ."

பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். பதினோரு பேர்!

குழுவை நடத்தும் கிமானி நல்லவன், ஆனால் சண்டை பிடிக்காதவன். சாயங்காலம் தீர்ப்பு சொன்னான்: "நாட்டுக்குச் சுயாட்சி கெடைச்ச மடராக்கா நாள் வருது, ஜூன் ஒண்ணு. அன்னிக்கு ஊர்வலத்துல முதல் வண்டி காக்கா அண்ணன்தான் ஓட்டுறார். வந்தார்னா முதுவா மன்னிப்புக் கேக்கணும். வரலேன்னா அந்த ஏழு வண்டியையும் நம்ம பட்டியல்லருந்து எடுத்துடுவோம். சரியாண்ணே?"

"சரி" என்று எழுதிவிட்டேன். ஏன் எழுதினேன்? எதை வைத்து ஓட்டப் போகிறேன்? கிழங்கையா?

மே 8, புதன்

மூன்று நாளாகப் படிப்புத்தான். கிராஃபிக்ஸ் கார்டு பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்களா உலகத்தில்! நூலகத்தில் பாடவேளைகளுக்கு நடுவே அட்டை போட்ட நோட்டில் குறிப்பு எடுத்தேன். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "மேற்படிப்பா, நாலியாகா? நல்லது" என்றார். ஆமாம் என்றேன். பொய்யில்லை.

தெரிந்துகொண்டவை: என் கம்ப்யூட்டர் இங்கிலாந்தில் ஏதோ அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, கப்பலேறி வந்தது. இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான். என்னுடையதில் 'கணக்குப் பிரிவு 3' என்ற ஒட்டுத்தாள் இன்னும் இருக்கிறது. கணக்கு எழுதப் பிறந்த ஜென்மம். அதன் பவர் சப்ளை 240 வாட்தான். கார்டுக்கென்று தனி ஒயரும் அதில் கிடையாது. ஆகவே ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டாக, 75 வாட்டுக்குள் இருக்க வேண்டும். நினைவகம் இரண்டு ஜிபி போதும், வண்டி ஓடும், வர்ணம்தான் கொஞ்சம் மங்கும் என்கிறார்கள். வர்ணம் மங்கினால் எனக்கு எதற்கு? நாலு ஜிபி.

பெட்டியைத் திறந்து அளந்தேன். நீளம் சரி. தடிமன் சரி. ஒற்றை விசிறி வைத்த குட்டைக் கார்டு தாராளமாகப் படுக்கும்.

மே 11, சனி

வாங்கிவிட்டேன்!

மோய் அவென்யூவில் மூன்றாவது மாடி. கரியூகி என்பவரின் கடை, துணி அலமாரி அளவு. மேசைமேல் பெட்டியே இல்லாத ஒரு கம்ப்யூட்டர், குடல் வெளியே தெரியக் கிடந்தது. நான் கேட்ட கார்டை அதில் செருகி ஓட்டிக் காட்டினார். அரைமணி நேரம் நகராமல் நின்றேன். சூட்டைப் பார்த்தேன். விசிறிச் சத்தம் கேட்டேன். இருக்கும் சிப்பின் பெயரும் சொல்லும் பெயரும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன்.

"தங்கச்சி, கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்கறப்பகூட இவ்வளவு விசாரிக்க மாட்டீங்க போல."

"மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் வாரன்டியாவது உண்டு. இதுக்கு உண்டா?"

பக்கத்துக் கடைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பழைய கார்டுதான், பன்னிரண்டாயிரம் ஷில்லிங். ரசீதில் எல்லாக் கடையிலும் போடும் அதே வரி: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

"பெட்டியில உக்காரும்ல? பாத்துக்கிட்டீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"அளந்துட்டுத்தான் வந்தேன்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

மே 12, ஞாயிறு

உட்காரவில்லை.

உயரம். உயரத்தை நான் அளக்கவே இல்லை! ஒல்லியான அலுவலகப் பெட்டி. அதற்கென்று பாதி உயரத்தில் தனியாகக் கார்டு வருமாம், விலை இருமடங்காம். நான் படித்த அத்தனை பேரும் குண்டுப் பெட்டி வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள். உயரம் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? பின்பக்கப் பட்டையைக் கழற்றிவிட்டுச் செருகினால் ஸ்லாட்டில் இறங்குகிறது. ஆனால் மூன்று விரல் உயரத்துக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூடி மூடாது. பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை, தொட்டால் ஆடுகிறது.

வாட் கணக்கைப் பதினான்கு இடத்தில் சரிபார்த்தவளுக்கு ஒரு ஸ்கேலை நிமிர்த்திப் பிடிக்கத் தோணலியே. முட்டாள். முட்டாள்!

மே 13, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சாப்பிட்டேன்.

மே 14, செவ்வாய்

நெகெசா அக்காவிடம் சொல்லும்படி ஆகிவிட்டது.

பெரியம்மா மகள். நானும் அவளும்தான் இந்த வீட்டில். முன்னறையில் வாடிக்கையாளர்களுக்குத் தலை பின்னுவது அவள் தொழில். ஒரு பின்னல் ஐந்து மணிநேரம் ஆகும், அதனால் அவளுக்குத் தெரியாத கதை எங்கள் உமோஜா பகுதியில் இல்லை. என் கதை மட்டும் தெரியாமல் இருந்தது. இன்று உகாலிக் களியைப் பிட்டு வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாளா, கேட்டுவிட்டாள்.

"ரெண்டு நாளா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யார்டி அவன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், காக்கை, அண்ணன், முதுவா, உயரம்.

வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்பு.

"ரெண்டு வருஷமா கதவச் சாத்திக்கிட்டு நீ எவன்கூடயோ பேசுறேன்னு அம்மாகிட்டகூடச் சொல்லாமக் காப்பாத்திட்டிருக்கேன்டி! கடைசில பஸ்ஸா?"

"அக்கா!"

"சரி சரி. மூடி மூடலேன்னா மூடிய ஒசத்திக் கட்டு. ஒலூச் கிட்டக் கேளு. அவங்க பட்டறைல லாரிய வாங்கி பஸ்ஸாவே கட்டுறாங்க. ஒரு மூடி கட்ட மாட்டானா?"

ஒலூச் அண்ணன் கரியோபாங்கியில் பஸ் பாடி கட்டுகிறவர். வாரம் ஒருமுறை இவளிடம் ஏதாவது விசாரிக்க வருவார். விசாரிக்க என்ன இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மே 18, சனி

நெகெசா பெயரைச் சொன்னதும் ஒலூச் அண்ணன் கையில் இருந்த டிரில்லை அணைத்துவிட்டார்.

இரும்புத்தூள் உள்ளே போனால் எல்லாம் போச்சு என்று படித்திருந்ததால், பெட்டியின் உள்ளுறுப்புகளை வீட்டிலேயே கழற்றி, எந்த ஸ்குரூ எங்கே என்று எழுதி, செய்தித்தாள்மேல் பரப்பிவிட்டுப் போனேன். வெறும் கூட்டையும், டீத்தூள் அட்டையில் கார்டின் அளவுக்கே வெட்டி ஒட்டிய பொம்மைக் கார்டையும் கொடுத்தேன். அந்த அட்டைக் கார்டை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத நீயா செஞ்சே? விசிறிகூட வெச்சிருக்கே?"

"அளவு தப்பக் கூடாதுன்னு..."

"எங்க பட்டறைல நாலு பேருக்கு இப்படி ஒரு மாதிரி செஞ்சு குடுக்கத் தெரியாது. சரி பாரு. பின்சுவர மூணு விரல் ஏத்தி, மேல புதுக்கூரை. கார்டு ஆடாமப் பிடிக்க ஒரு கொக்கி. காத்துக்கு ஜன்னல் வெட்டணும்ல? இதுவும் பஸ்தான்டா!" என்று யாரிடமோ கத்தினார். "ஆனா ஒண்ணு. மாசக் கடைசில நிஜ பஸ் ஒண்ணு டெலிவரி. அது முடியட்டும்."

"ஒண்ணாம் தேதிக்கு வேணும்ண்ணே."

"முப்பத்தொண்ணு. பாத்து வாங்கிக்கோ."

மே 23, வியாழன்

குழுவில் முதுவா: "ஒன்பது நாள் இருக்கு. காக்கா பறந்துடுச்சா?"

மேசையில் என் கம்ப்யூட்டர் துண்டு துண்டாகச் செய்தித்தாளில் கிடக்கிறது. இதைப் படம் எடுத்துப் போட்டால் என்ன சொல்வார்கள்?

மே 31, வெள்ளி

வந்துவிட்டது. ஒலூச் அண்ணனே கொண்டுவந்தார், நெகெசாவுக்கு மாண்டாஸிப் பலகாரமும் சேர்த்து. பளபளக்கும் தகடு, வரிசையாக ரிவெட், ஓரங்கள் கையைக் கிழிக்காதபடி உள்ளே மடித்து. மேலே மூன்று ஜன்னல். கணக்குப் பிரிவு 3 கூன் விழுந்தவர்போல் இருக்கிறார். அழகு.

ஜூன் 1, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளை எனக்கே நம்பிக்கை வராது.

காலை ஆறு மணிக்கே பூட்ட ஆரம்பித்தேன். ஒன்பதுக்குக் கார்டு 'டக்'கென்று ஸ்லாட்டில் இறங்கியது. கொக்கி சரியாகப் பிடித்தது. சுவிட்சைப் போட்டேன், விசிறி சுற்றியது, திரை கருப்பு. பத்து நிமிடம் கருப்பு. பிறகுதான் பார்த்தேன், மானிட்டர் ஒயரைப் பழக்கதோஷத்தில் பழைய துளையிலேயே செருகியிருக்கிறேன். கார்டின் துளைக்கு மாற்றினேன். வெளிச்சம்! உடனே ஒரு எச்சரிக்கை: மூடி திறந்திருக்கிறதாம். பழைய மூடி அழுத்திவந்த ஒரு பொத்தானைப் புதுக்கூரை எட்டவில்லை. அழிரப்பர் துண்டை வைத்து அழுத்தி ஒட்டினேன். வாயை மூடிக்கொண்டது.

கார்டுக்கான டிரைவர் மென்பொருள் இறங்க ஒரு மணிநேரம். அதன்பிறகு விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உட்கார்ந்தது. அது முடியும்போது மணி நாலாக எட்டு நிமிடம். எதையும் சோதிக்க நேரமில்லை. நெகெசாவின் போன் இயர்ஃபோனை மாட்டி, ஏழில் கடைசியாக வரைந்த பஸ்ஸை எடுத்து, வரிசையின் தலையில் போய் நின்றேன்.

"வந்துட்டாரு!" கிமானி கத்தினான். "காக்கா அண்ணன் வந்துட்டாரு!"

கிளம்பினேன். சாலை, ஐயோ, சாலை ஓடுகிறது! துண்டு துண்டாக இல்லை, தண்ணீர் மாதிரி. லிமுரு தேயிலைத் தோட்டங்கள். கண்ணாடியில் எனக்குப் பின்னால் முப்பத்திநாலு பஸ்கள். நான் பேசுவதாக இல்லை. மைக்கை மூடித்தான் வைத்திருந்தேன், அல்லது மூடியிருப்பதாக நினைத்திருந்தேன்.

பள்ளத்தாக்கு பார்க்கும் வளைவில் எல்லாரும் நிறுத்தினார்கள். முதல்முறையாக வெளிப்பார்வையை அழுத்தி, என் பஸ்ஸைச் சுற்றி நடந்தேன். பக்கவாட்டில் நெருப்பு — தொட்டால் சுடும்போல. சிறுத்தை. என் காக்கை! பின்பக்கம் வந்தேன்.

"ஐயோ மூக்கு!"

அவசரக் கதவு! தட்டைத் தாளில் இரண்டு துண்டாக இருக்கிறது பின்பக்கம். நான் ஒரே முகமாக வரைந்துவிட்டேன். தைத்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் பாதி மூக்கு, இந்தப் பக்கம் பாதி, இரண்டு விரல் கீழே இறங்கி. "அக்கா, என் மூக்கு ரெண்டாப் போச்சு! ஏழு வண்டிலயும் இப்படித்தான் இருக்குமா? ரெண்டு வருஷமா இந்த மூஞ்சியோடயா ஊர்வலம் போறேன்!"

அப்போதுதான் கவனித்தேன். மைக் திறந்தே இருந்தது.

"யாரது?" என்றான் கிமானி. "அண்ணியா? இவ்வளவு நேரமா நல்லாப் பாடிட்டிருந்தீங்களே, என்ன ஆச்சு?"

முன்னறையில் நெகெசா பின்னிக்கொண்டே பாடியதெல்லாம் ஊர்வலம் நைரோபியில் கிளம்பியதிலிருந்தே கேட்டிருக்கிறது!

மூடிவிட்டு ஓடியிருக்கலாம். கை போகவும் போனது. ஆனால் மூக்கு கண்ணெதிரே நின்றது. யாராவது பதில் சொல்ல வேண்டுமே.

"பாடினது எங்கக்கா. நான்தான் காக்கா. மூக்கு ஏன்டா இப்படி இருக்குன்னு ஒருத்தர்கூடவா சொல்லல?"

பிறகு ஒரு குரல், முதுவா, மெதுவாக:

"அது... உங்க ஸ்டைலுன்னு நெனச்சோம். நானே என் வண்டில மூக்க ஒடைச்சுத்தான் வரைஞ்சிருக்கேன்."

யாரோ ஹாரன் அடித்தார்கள். முப்பத்திநாலு பஸ்ஸும் அடித்தது. நெகெசா கதவைத் திறந்து, "தெருவுல கல்யாணமா?" என்று கேட்டாள்.

ஜூன் 2, ஞாயிறு

முதுவா தனியாக எழுதியிருந்தான். "திருடின படத்துக்கு யாரும் அப்படி அலற மாட்டாங்க. மன்னிச்சிடுங்க." குழுவிலும் போட்டிருந்தான், கிமானி சொல்லாமலே.

வெட்கமாக இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து மூன்று முறை அந்த நெருப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 8, சனி

ஏழு மூக்கையும் சரிசெய்து அனுப்பினேன். ஒரு மணிநேரத்தில் ஒன்பது பேர் பழைய மூக்கைத் திருப்பிக் கேட்டார்கள். ரசனை கெட்ட கூட்டம்.

ஜூன் 15, சனி

நக்குரு இறக்கத்தில் முதுவா பிரேக் போடாமல் என் பின்னால் வந்து மோதிவிட்டான். புது மூக்கு! நான் மைக்கில் திட்டிய திட்டில், முன்னறையில் பாதிப் பின்னலோடு இருந்த அம்மாள் எழுந்து வந்து கதவருகே நின்றுவிட்டார்.

"யாரம்மா இந்தத் திட்டு திட்டுறே?"

"எங்க ஆளுங்களத்தான்" என்றேன்.