காட்டுக்குப் போன கழுதைப்புலி

அண்ணனுக்கு,

ஜூன் 7, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. கானோ மிருகக்காட்சிசாலைக் கூண்டில் கழுதைப்புலி ஒன்று. பெருநாள் கூட்டம் அதைச் சூயா இறைச்சிக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தது.

"குத்தாதீங்கப்பா! காட்டுல பிடிச்சது, எவன் பேச்சையும் கேக்காது" என்று காவலர் கத்தினார்.

"ஜர்மை, உட்காரு" என்றேன். அது உட்கார்ந்து முன்னங்காலை நீட்டியது. குட்டியிலிருந்து நான் பழக்கியது அப்படித்தான்.

"என்ன தம்பி, உனக்கு மாமியாரா?" என்று காவலர் சிரித்தார். பிறகு என் முகத்தையே பார்த்தார். "இத வித்தவனுக்கும் இதே மூக்குதான்யா."

ஜர்மையை யங்காரிக் காட்டில் அவிழ்த்துவிட்டதாக நீ சொன்னாய். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியதாம். மின்சார வேலை படித்தவன் நான். எந்தக் கம்பியையும் சோதிக்காமல் தொடமாட்டேன். உன்னை மட்டும் சோதிக்கவில்லை.

கூண்டில் தண்ணீர் இல்லை, மோட்டார் எரிந்துகிடக்கிறது.

இனி நான் செய்யப்போவது:

1. திங்களன்று அந்த மோட்டாரைச் சரிசெய்வேன்.
2. வெள்ளிதோறும் தொழுகை முடிந்ததும் ஜர்மையைப் பார்க்கப் போவேன்.
3. அடுத்த பெருநாளுக்கு நீ வந்தால், வீட்டுக்குள் விடுமுன் அங்கே கூட்டிப்போவேன். அது உனக்கும் காலை நீட்டும்.

இப்படிக்கு,
ஜர்மையை வளர்த்தவன்