மடத்தில் நின்ற மூன்று நாள்

ஹில்ஸ்பரோ, ஒக்லாந்து
10.08.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஐயாவின் இழுப்பு எப்படி? இங்கே குளிர்தான், காலுறையோடு படுக்கிறேன்.

இந்தக் கிழமை வகுப்பில் ஒரு வங்காளக் கதை படித்தோம். நாடு பிரிந்தபோது சனத்துக்குள் காணாமற்போன பெண்ணொருத்தி ஒரு மாதம் கழித்து வீடு திரும்புகிறாள். தாய் அவளைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பெரியம்மா வீட்டில் இருந்தவள் என்று அயலுக்குச் சொல்லிவிடுகிறாள். அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை.

என்னோடு படிக்கும் சென்னைப் பிள்ளை வைஷாலி பஸ்ஸில் பொரிந்து தள்ளினாள். "பெத்த தாயே இப்படிப் பொய் சொல்லலாமா?"

"அந்தப் பொய் இல்லாட்டி அவள் ஊருக்குள்ள நடமாட ஏலாது!" என்று கத்திவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். பயப்படாதீர்கள், பிறகு இருவரும் சிரித்துவிட்டோம்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் உங்கள் கையைத் தவறவிட்டு, மூன்று நாள் கழித்து வந்தேன். கன்னியர் மடத்தில் நின்றவள் என்று எல்லாருக்கும் சொன்னீர்கள். இங்கும் யாராவது கேட்டால் நான் அதையே சொல்கிறேன்.

பார்சலில் கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல் மா வையுங்கள். அன்று போட்டிருந்த நீலச் சட்டை பெட்டியில் கிடந்தால், அனுப்ப வேண்டாம், எரித்துவிடுங்கள்.

தபால்பெட்டியில் கடிதமெடுக்க வரும் நேரமாகிறது. இதை ஐயாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். பதில் எழுதும்போது, எங்கே நின்றாய் என்று ஒரு வரி கேளுங்கள் அம்மா. நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

உங்கள் மகள்,
தர்சிகா