போயிட்டு வரேன் என்று சொன்னது

ஜூன் 3

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் அணைத்துவிடுவேன்.

இன்று மாமா வீட்டுக்கு வக்கீலம்மா வந்திருந்தார். அம்மா இங்கே விவாகரத்து கேட்டிருக்கிறாள். அப்பா, அவர் வேலை பார்க்கும் நாட்டில் கேட்டிருக்கிறார். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே இன்னும் வரவில்லையாம். எந்த நாட்டுக் கோர்ட் விசாரிப்பது என்பதுதான் முதல் சண்டை. எங்கள் குடும்பம் உண்மையில் எங்கே குடியிருந்தது என்று பார்ப்பார்களாம். அங்கே என்று முடிவானால் நான் திரும்பிப் போக வேண்டும். அம்மாவின் விசாவை அப்பா ரத்து செய்துவிட்டார். அப்படியானால் நான் மட்டுமா?

அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஆளுக்கொரு பக்கம் இழுக்க பிள்ளை என்ன ரப்பர் பேண்டா?"

ஜூன் 4

இங்கே சேர்த்துவிட்ட பள்ளியில் கணக்குப் பரீட்சை. என்ன எழுதினேன் என்றே தெரியவில்லை.

ஜூன் 11

எல்லாம் என்னாலதான்.

அப்பாவின் வக்கீல் கோர்ட்டில் ஒரு வீடியோ காட்டினாராம். ஏர்போர்ட்டில் அப்பா எடுத்தது. நான் கையை ஆட்டி, "போயிட்டு வரேம்பா" என்கிறேன். திரும்பி வருவதாகப் பெண்ணே சொல்லியிருக்கிறாள், ஆகவே வீடு அங்கேதான் என்று வாதாடினாராம்.

வேற எப்படிச் சொல்லுவாங்க? "போறேன்"னா? பல் டாக்டர்கிட்டகூட போயிட்டு வரேன்னுதானே சொல்றோம், அங்க திரும்பிப் போக யாருக்கு ஆசை?

அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 19

நீதிபதி என்னைத் தனியாக அவர் அறைக்குக் கூப்பிட்டார். அங்கி கதவுக்குப் பின்னால் தொங்கியது.

"என் பொண்ணும் தினம் அதையேதான் சொல்லிட்டுப் போறா. அதை விடு. அன்னிக்கு உன் மனசுல என்ன இருந்துச்சு?"

இங்கேயே இருக்கத்தான் வந்தோம் என்று சொல்லச் சொல்லி மாமா அனுப்பியிருந்தார். ஆனால் நான், லீவுக்குத்தான் வந்தோம், மீன்தொட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். அம்மா இல்லாமல் போக மாட்டேன் என்றும் சொன்னேன், அழுதுகொண்டே. இரண்டையும் அவர் எழுதிக்கொண்டார்.

நான் அம்மாவைக் காட்டிக் கொடுத்துட்டேனா?

ஜூலை 2

வழக்கு அங்கேதான். ஆனால் அம்மாவுக்கு விசாவும் தனி வீடும் அப்பா ஏற்பாடு செய்த பிறகே நான் கிளம்ப வேண்டுமாம். அதுவரை என்னை யாரும் நகர்த்தக் கூடாது.

மாமா என்னோடு பேசவில்லை. அம்மா தலையைக் கோதினாள். "உள்ளதைத்தானே சொன்ன. விடு."

ஆகஸ்ட் 17

திரும்பி வந்துவிட்டோம். ஒற்றை அறை. கூடவே அம்மா. திங்கட்கிழமைதான் முதல் விசாரணை.

அப்பா ஒரு குக்கரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அம்மா உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவர் படியிறங்கிய பிறகு அதை எடுத்துக் கழுவினாள். மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டு, கொஞ்சம் நின்று, ஒரு பிடியைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.