மூன்றாம் ஓலையன்று எழுந்து நின்றவருக்கு

நேற்று திண்டுக்கல் சந்தையில் மலைப்பூண்டு வந்திருந்தது. தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி ஒரு கம்பில் தொங்கவிட்டிருந்தார்கள். கொஞ்சம் போதும் என்றுதான் கிட்டே போனேன். அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் ஒரு முழுக் கட்டையே வாங்கி வந்துவிட்டேன். இத்தனை பூண்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். இது பூண்டு வாசம் இல்லை, எங்கள் கோயில் வாசம் என்று சொன்னால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். ரசத்துக்கு என்று சொல்லிவிட்டு உமக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீர் இருந்த காலத்திலேயே எழுத்துக்கும் உமக்கும் ஒத்துவராது. வந்த கடிதத்தை நான் வாசிக்க, தலையைச் சாய்த்துக் கேட்பீர். முடிந்ததும், "நல்லாத்தான் எழுதியிருக்காங்க, கொஞ்சம் நீளம்" என்பீர். இதுவும் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளும்.

நான் அந்த மலைச்சபைக்கு உபதேசியாராக வந்தபோது நயா பைசா வந்த புதுசு. குருவானவர் கொடைக்கானலில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை பள்ளங்கிப் பாதையில் இறங்கிவந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, பிரசங்கம் பண்ணுவது, நோயாளிகளைப் பார்த்து ஜெபிப்பது எல்லாம் என் பொறுப்பு. மணியடிப்பது, பாய் விரிப்பது, கோயிலைக் கூட்டுவது உம் பொறுப்பு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இந்த வேலை செய்பவரைக் கோயில்குட்டி என்போம். அதைச் சொன்ன முதல் நாளே, "நாப்பத்தஞ்சு வயசாச்சு, நான் குட்டியாங்கய்யா?" என்று கேட்டீர். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் எடுக்கவே இல்லை.

மணி என்றா சொன்னேன்? உத்தரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு அது. அதை நீர் இரும்புக் கம்பியால் மும்மூன்றாக அடித்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் களை எடுப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆறு நாள் பூண்டுக் காட்டில் வேலை, ஏழாம் நாள் கோயில் வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் உம் கையை விட்டுப் பூண்டு போகாது. நீர் விரித்த பாயில், எடுத்துக் கொடுத்த பாட்டுப் புத்தகத்தில், நற்கருணை மேசைக்கு விரித்த வெள்ளைத் துணியில் எல்லாம் அதே வாசம். என் மனைவி முதலில் முகம் சுளித்தாள். ஒரு வருஷத்துக்குப் பின் ஊருக்குப் போனவள், அங்கே கோயிலில் உட்கார்ந்தால் ஏதோ குறைகிறது என்றாள்.

மழைக்காலத்தில் வில்பட்டிப் பக்கம் வீடு சந்திக்கப் போவோமே, நினைவிருக்கிறதா? என் வேதபுத்தகத்தை, சாக்கை மடித்துத் தலையில் போட்டிருக்கும் உம் கொங்காணிக்குள் வைத்துக்கொண்டு நனையாமல் கொண்டுவருவீர். நான்தான் தொப்பலாக நனைந்து வருவேன். போகிற வீட்டில் நான் நீளமாக ஜெபித்தால் நீர் இரண்டு தரம் இருமுவீர். கோயிலிலும் அப்படித்தான். பிரசங்கம் முக்கால் மணியைத் தாண்டினால் பின்னால் இருந்து இரண்டு இருமல் வரும். முதலில் எனக்குக் கோபம் வந்தது. "குளிருக்கு வருதுங்கய்யா" என்றீர். சித்திரை மாதமும் வந்ததே, அதற்கு என்ன சொல்வீர்? உம் இருமல் இல்லாவிட்டால் அந்தச் சபை என்னைத் தாங்கியிருக்காது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

இனி அந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

உமக்கு ஒரே மகள் ஞானம். தாயில்லாத பிள்ளை. இருபது வயது, நல்ல குரல், பெண்கள் பக்கம் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது அவள்தான். என் மனைவியின் தம்பி சமவெளியில் வாத்தியாராக இருந்தான். ஒழுங்கான பையன். ஒரு கிறிஸ்மஸுக்கு வந்து ஞானத்தைப் பார்த்தான், அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஊருக்குப் போய்ச் சம்மதம் என்று எழுதிவிட்டான். நானும் நீரும் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். நீர் மட்டையைச் சட்டியில் வைத்துவிட்டு கையை வேட்டியில் துடைத்தீர். உபதேசியார் வீட்டிலிருந்து சம்பந்தமா என்று மலைப்பு. பிறகு மெதுவாக, "பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேக்கணுமேய்யா" என்றீர்.

அப்போது நான் சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நான் ஜெபம் பண்ணித்தான் பேசுகிறேன். இது கர்த்தருக்குச் சித்தமான காரியம்." ஜெபம் பண்ணினேன் என்பது உண்மை. ஆனால் எனக்கு வேண்டியதைத்தான் கேட்டேன், வந்த பதிலும் என் குரலில்தான் வந்தது. அன்று சாயங்காலமே உம் வீட்டுக்கு வந்து ஞானத்தின் தலைமேல் கைவைத்து அதையே உரக்கச் சொல்லி ஜெபித்தேன். அவள் ஆமென் சொன்னாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோயிலில் ஓலை வாசிப்பதென்றால் எனக்குத் தனிக் குஷி. இப்போது வாசிப்பது காகிதம்தான், பேர் மட்டும் ஓலை. இன்னார் குமாரனுக்கும் இன்னார் குமாரத்திக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. லெந்தில் கல்யாணம் கிடையாது என்பதால் மூன்று ஓலையையும் அடுத்தடுத்து வாசித்து முடிக்க அவசரப்பட்டேன். முதல் ஞாயிறு வாசித்தேன், எல்லாரும் சிரித்த முகமாக ஞானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தேன். தடை உண்டா என்ற வரியை நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவேன். நான் மட்டுமா, எந்த உபதேசியாரும் அங்கே நிறுத்திக் கேட்டதில்லை, எந்தச் சபையிலும் யாரும் பதில் சொன்னதுமில்லை.

மூன்றாம் ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக நீர் என் வீட்டு வாசலில் நின்றீர். புல்லெல்லாம் உறைபனி. கம்பளிக்குள் கையைக் கட்டிக்கொண்டு, "வெள்ளனே வந்துட்டேன், கோவிச்சுக்கிறாதீங்க. ஒரு சோலி. பிள்ளை விசயமா" என்றீர். என் கையில் பிரசங்கக் குறிப்பு இருந்தது. ஆராதனை முடியட்டும், பேசுவோம் என்றேன்.

"முடிஞ்ச பெறகு பேசி என்னங்கய்யா" என்றீர்.

எனக்கு உறைக்கவில்லை. கிழடுகள் குளிரில் வருவார்கள், கணப்புச் சட்டியில் கரி போட்டாயிற்றா பாரும் என்று அனுப்பிவைத்தேன்.

ஆராதனையில் ஓலையை எடுத்து வாசித்தேன். "யாருக்காவது தடை தெரிந்திருந்தால்" என்று வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் பாய் சரசரத்தது. நீர் எழுந்து நின்றீர். ஏதோ சன்னல் சாத்தப் போகிறீர் என்று நினைத்தேன்.

"தடை இருக்குங்கய்யா."

நாற்பது பேரும் திரும்பினார்கள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் படித்தவன் இல்லையா, படித்ததையே பேசினேன். "என்ன தடை? விலக்கப்பட்ட உறவுமுறையா? முன்னாலேயே விவாகம் ஆனதா?"

"அதெல்லாம் இல்லைங்க. பிள்ளைக்குச் சம்மதம் இல்லை. நேத்துதான் கேட்டேன்."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? உமக்குத் தெரியும், நாற்பது பேருக்கும் தெரியும். "அது தடையில் சேராது" என்றேன். உறவுமுறை, வயது, முந்தின விவாகம் என்று சட்டப்படி உள்ள தடைகளின் பட்டியல் எனக்கு மனப்பாடம். அந்தப் பட்டியலில் இது இல்லை.

"அப்ப எதுதாங்கய்யா தடை?" என்று கேட்டீர். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர். நான் பாட்டு நம்பரைச் சொன்னேன். பாட்டைத் தூக்க ஆள் இல்லை. ஞானம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நானும் என் மனைவியும் மட்டும் பாடி முடித்தோம்.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. என் பேச்சைச் சபை நடுவில் அறுத்துவிட்டீர் என்று பொருமினேன். உம்மோடு பேசவில்லை. நீரும் பேசவில்லை, ஆனால் ஒரு வேலையும் குறைவைக்கவில்லை. மணி நேரத்துக்கு அடித்தது, பாய் விரித்தபடி கிடந்தது, கணப்பில் கரி கனன்றது. இருமல் மட்டும் நின்றுபோயிற்று. அடுத்த ஞாயிறு என்னைத் தடுக்க ஆளில்லாமல் ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சனங்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

புகார் சொல்லத்தான் கொடைக்கானலுக்கு ஏறினேன். குருவானவர் ரோஜாச் செடிகளை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "உபதேசியாரே, கல்யாண ஆராதனையில பொண்ணுகிட்ட என்ன கேக்குறோம்?" என்றார்.

"இவனைப் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று."

"எல்லார் முன்னாடியும் நான் கேக்கப்போற கேள்விதானே. அதுக்கு முன்னால வீட்டுல வச்சு நீங்க ஒரு தரம் கேட்டா என்ன?" என்று சொல்லிவிட்டு மறுபடி செடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன்.

திரும்புகிற வழியில் நேராகப் பூண்டுக் காட்டுக்குப் போனேன். நீர் மலைச்சரிவின் மேல் படியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தீர். கீழ்ப் படியில் ஞானம் களை கொத்திக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் போனேன். பிடிக்கவில்லை என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா என்றேன்.

அவள் மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "கர்த்தருக்குச் சித்தம்னு நீங்க சொல்லிட்டீங்களேய்யா. அதுக்கு மேல நான் யார்ட்டப் போயிச் சொல்ல? ரெண்டு வாரமும் நீங்க வாசிக்கறப்ப, அது யாரோ வேற ஞானம்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அவனிடம் என்ன குறை கண்டாய்?"

"ஒரு குறையும் இல்லைங்கய்யா. குறை இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லலாமா?"

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மேல் படிக்கு ஏறி உம்மிடமும் கேட்டேன். நீர் கூச்சத்தில் மண்வெட்டியையே பார்த்துக்கொண்டு, "விடுங்கய்யா, மழைக்கு முன்னால வெரசா வீடு போயிச் சேருங்க" என்றீர். வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. அந்த ஞாயிறு பிரசங்கம் முக்கால் மணி ஆனதும் இரண்டு இருமல் வந்தது. பெண்கள் பக்கத்தில் சிரித்தே விட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆமென் சொல்லி இறங்கினேன். அப்படி ஒரு சந்தோஷமான ஞாயிறு எனக்குப் பிறகு வாய்த்ததாக நினைவில்லை.

மைத்துனன் ஈஸ்டர் கழிந்து ஊர்ப்பக்கமே பெண் எடுத்தான், நன்றாக இருக்கிறான். அவனுக்கு உம்மேல் வருத்தமே இல்லை, இருந்ததெல்லாம் என்மேல்தான். இரண்டு வருஷம் கழித்துப் பூம்பாறைக்காரப் பையன் ஒருவனை ஞானம் தானாகவே சொன்னாள். ஓலை எழுதுமுன் அவளிடம் போய்க் கேட்டேன். "எழுதுங்கய்யா. இந்தத் தடவை எம் பேருன்னு நெனச்சே கேட்டுக்கிறேன்" என்றாள். நீர் பேரப்பிள்ளைகள் இரண்டைத் தோளில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் நெஞ்சுச் சளியில் போனீர். அன்று தண்டவாளத்தை நானே அடித்தேன். எப்படி அத்தனை வருஷம் அடித்தீரோ, எனக்கு நாலு அடியிலேயே கை விண்விண் என்று தெறித்தது.

பிறகு என்னைக் கீழே மாற்றினார்கள். எந்தச் சபையில் இருந்தாலும் ஓலை எழுதுமுன் பெண்ணைத் தாய் தகப்பன் காதுக்கு எட்டாத இடத்தில் பார்த்துக் கேட்பது என் வழக்கமாயிற்று. உனக்குச் சம்மதமா, இல்லை என்றால் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், உன் தலையில் வராது என்பேன். பெரும்பாலும் சிரிப்பார்கள். சிலர் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள். உபதேசியாருக்கு இது என்ன வேண்டாத வேலை என்று பெற்றவர்கள் முணுமுணுத்ததும் உண்டு. இத்தனை வருஷத்தில் ஒருத்திதான் வேண்டாம் என்றாள். அவள் என் மகள்.

நான் பார்த்த மாப்பிள்ளை, நான் வாக்குக் கொடுத்த இடம். அவளிடம் கேட்கத்தான் வேண்டுமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன், உம்மிடம் மறைப்பானேன். கேட்டேன். "வேண்டாம்ப்பா" என்றாள். காரணம் கேட்க வாயெடுத்தேன், கேட்காமல் விட்டேன்.

மறுநாள் பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். வீட்டில் மொத்தம் ஐந்து பேர். சம்பந்தி வந்திருக்கிறார் என்று காப்பி கொடுத்தார்கள். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறி ஏடு கட்டிவிட்டது. வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டு பேசிப் பிழைத்தவன் நான். வெளியே வந்து தெருவில் கொஞ்ச நேரம் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஐந்து பேர், அதுவும் மறுபடி பார்க்க வேண்டியிராதவர்கள். உமக்கு எதிரே தினமும் முகம் பார்க்கிற நாற்பது பேர் இருந்தார்கள், கையில் ஓலையோடு நானும் நின்றேன். அன்று உமக்குக் கால் எப்படி நின்றது? எத்தனையோ பெண்களிடம் போய்க் கேட்டவன், பக்கத்திலேயே இருந்த உம்மிடம் இதை ஒரு நாளும் கேட்காமல் விட்டுவிட்டேன்.