ஆளுக்கொரு பூட்டு

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் ஏஞ்சலினுக்கு மாமா ஆசீர்வாதம் எழுதுவது. இங்கே மகன் எட்வர்ட், பேத்தி ஜெபா, நான் மூவரும் சுகம். மஸ்கட்டில் உன் உடம்புக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னால் எனக்கு அடுத்த வார்த்தை வராது. போனை வைத்த பிறகுதான் எல்லாப் பதிலும் வரிசையாக வந்து நிற்கும். அதனால் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன், அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தது. இதுவும் அப்படி இருந்தால் மன்னித்துக்கொள். நம் சபை சாலமோன் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் மாங்காய்த் தொக்கையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தை மட்டும் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பிரி.

முதலில் சுற்றிவளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஜூன் மாதத்தில் ஜெபாவை விடுதியில் சேர்க்க வேண்டும், போய் இடம் கேட்டு வா என்று எட்வர்டிடம் சொல்லியிருக்கிறாய். வரும் சனிக்கிழமை அவன் போவதாக இருக்கிறான். அதற்குள் இதை நீ படித்துவிட வேண்டும்.

நீ சொன்னதில் தப்பில்லை. வகுப்பில் பிள்ளை தூங்கி விழுகிறாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று டீச்சர் சொன்னது உண்மை. நீ ஆசையாக வாங்கி அனுப்பிய டேப்லெட்டைச் சாப்பிடும்போதும் கழிவறைக்குப் போகும்போதும் அவள் கீழே வைக்கவில்லை. பிடுங்கினால் அழுகை. ஒளித்து வைத்தால் என் போன். என் போனைக் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. பரீட்சைக்குள் அதை விடவைக்க முடியாவிட்டால் விடுதிதான் என்று பொங்கலன்று நீ சொன்னாய்.

ஒரு நாள் எட்வர்ட் மில்லிலிருந்து வந்து பேன்ட் பையைக் காலி செய்து மேஜைமேல் போட்டான். அதில் அவனுடைய சிவப்புப் பூட்டு இருந்தது. எத்தனையோ வருடம் அதே மில்லின் ஸ்டோரில் உட்கார்ந்து அந்தப் பூட்டுகளைக் கொடுத்து வாங்கியவன் நான். உனக்கு அந்த முறை தெரியாது, சொல்கிறேன். மில்லில் ஒரு மெஷினைப் பிரித்து வேலை செய்யும்போது, அதற்குள் கை விடுகிற ஒவ்வொருவனும் தன் சொந்தப் பூட்டை மெயின் சுவிட்சில் மாட்ட வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அது அவனவன் பையில். கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை கரண்ட் வராது. மேனேஜர் வந்தாலும் இன்னொருவன் பூட்டைத் தொடக்கூடாது. அங்கே பெரியவன் சின்னவன் கிடையாது. அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஜெபாவின் டேப்பை மட்டும் பூட்ட நினைத்ததுதான் எங்கள் பிசகோ என்று தோன்றியது.

மிகவும் தயங்கித்தான் எட்வர்டிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவனோ, "நைனா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று எழுந்துபோய், தன் பழைய இரும்பு டூல் பெட்டியைக் காலி செய்து, பல பூட்டு மாட்டுகிற கொண்டி ஒன்றை வைத்து அடித்தான். பொழுது சாய்ந்ததும் வீட்டில் இருக்கிற எல்லா போனும் டேப்பும் அதற்குள். ஆளுக்கொரு பூட்டு. ராச்சாப்பாடு முடிந்து எல்லாரும் கழற்றினால்தான் பெட்டி திறக்கும். ஜெபாவுக்கும் ஒரு பூட்டு வாங்கினோம். அப்பாவின் போனும் உள்ளே போகிறதா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அவள் தன்னுடையதை மாட்டினாள். டேப்புக்கு மூச்சு முட்டும் என்று சொல்லி, பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போடவைத்ததும் அவள்தான்.

பக்கத்துப் போர்ஷன் கங்கம்மாவை உனக்குத் தெரியும். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர், "இன்னா பெரியவரே, போனுக்கு ஜெயிலா?" என்றார். விவரம் சொன்னதும் உள்ளே போய், தன் மகன் குப்புராஜின் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஊட்ல பேசறதுக்கு ஆளே இல்ல பெரியவரே, நாலு பேரும் குனிஞ்சிக்கினு கீறாங்க, இத்தையும் போடுங்க" என்றார். பின்னாலேயே குப்புராஜ் வந்தான். "அப்ப நீ சீரியல் பாக்கற போனு?" என்று கேட்டான். கங்கம்மா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து அதையும் எடுத்துப் போட்டார். குப்புராஜின் மனைவி தமிழ்செல்வி தன்னுடையதைப் போட்டுவிட்டு, அவர்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஜெபா பக்கம் தள்ளிவிட்டாள்.

முதல் சாயங்காலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள்போல எல்லாரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். குப்புராஜின் கை சட்டைப் பைக்குப் போவதும் வெறுமனே திரும்புவதுமாக இருந்தது. "பையில எலி பூந்துக்கிச்சா?" என்றார் கங்கம்மா. தமிழ்செல்வி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. நாளைக்கே இதை விட்டுவிடுவார்கள், யோசனை சொன்னவன் என்ற பெயர் மட்டும் எனக்கு மிஞ்சும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

பிள்ளைகள்தான் காப்பாற்றினார்கள். மொட்டை மாடிக்குப் போனால் ஹைவே தெரியும் அல்லவா? அங்கே போகிற லாரி எந்த மாநிலத்து வண்டி என்று, நம்பர் பலகை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்று ஜெபா ஒரு விளையாட்டை ஆரம்பித்தாள். வண்டியின் பெயின்ட், முன்னால் தொங்கும் குஞ்சம், ஹாரன் சத்தம், எல்லாவற்றையும் வைத்துச் சொல்கிறார்கள். இப்போது நாங்கள் பெரியவர்களும் மாடியில்தான். கன்டெய்னர் வந்தால், மாநிலத்தைச் சொல்லாமல், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குத்தான் போகிறது என்று குப்புராஜ் அடித்துச் சொல்லி ஒவ்வொரு முறையும் தோற்கிறான். ஒரு நாகாலாந்து வண்டியை நான் சரியாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஏஞ்சலின். ரிட்டயர் ஆன அன்றுகூட எனக்கு இவ்வளவு கைகுலுக்கல் கிடைக்கவில்லை. ஜெபா ராத்திரி தானாகத் தூங்குகிறாள். காலையில் எழுப்ப வேண்டியதில்லை. வகுப்பில் முன்பெஞ்சுக்கு மாறிவிட்டாள் என்று டீச்சர் எட்வர்டிடம் சொன்னாராம்.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். இதில்தான் எனக்குப் பயம்.

நீ எப்போதும் ராத்திரிதான் கூப்பிடுவாய். அன்று உனக்கு டியூட்டி மாறியதும், சாயங்காலமே கூப்பிடுவாய் என்பதும் எங்களுக்குத் தெரியாது. எல்லாப் பூட்டும் மாட்டியாகிவிட்டது. மில்லில் ஏதோ உடைந்துவிட்டது என்று கம்பெனி வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. எட்வர்ட் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினான். அவன் பூட்டு பெட்டியில், சாவி அவன் பேன்ட் பையில். வண்டி திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவனைக் கூப்பிடலாம் என்றால் அத்தனை போனும் பெட்டிக்குள். அந்த நேரத்தில்தான் உள்ளே உன் ரிங்டோன் கேட்டது. உனக்கென்று ஜெபா வைத்த பாட்டு.

ஜெபா மாடியிலிருந்து ஓடிவந்து ஓட்டையில் காதை வைத்து, "அம்மா உள்ள இருக்காங்க தாத்தா" என்றாள். குப்புராஜ் உளியும் சுத்தியலும் எடுத்து வந்துவிட்டான். "ஸ்டோர் ஐயா, நவுருங்க, ஒரே அடி" என்றான். கங்கம்மாவும், "பெத்தவ கூப்பிட்றா பெரியவரே, ஒடைச்சிடுங்க" என்றார். நான் நகர்ந்திருக்க வேண்டுமோ என்னவோ. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராதவன் நான், பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். ஆள் இல்லாதபோது அவன் பூட்டை உடைப்பது என் கைக்குப் பழக்கமே இல்லாத காரியம். ஆனால் உன் பாட்டு நின்று, மறுபடியும் ஆரம்பித்தபோது நானும் பெட்டியை விட்டு விலகினேன். உடைத்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஜெபாதான் வேண்டாம் என்றாள். "இன்னிக்கு ஒடைச்சா நாளைக்கு குப்பு மாமா கிரிக்கெட் பாக்க ஒடைப்பாரு" என்றாள். குப்புராஜ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

அதன் பிறகு அவள் செய்ததைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பெட்டி அருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓட்டையில் வாயை வைத்து உன்னிடம் பேச ஆரம்பித்தாள். பாட்டு அடித்துக்கொண்டிருந்தவரை பேசினாள், நின்றபோது காத்திருந்தாள், மறுபடி அடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைவாய்ப் பல் விழுந்ததைச் சொன்னாள். ரயில்வே கேட் நாய் குட்டி போட்டதையும், தாத்தா சபையில் ஞானப்பாட்டை எல்லாரும் பாடி முடித்த பிறகும் ஒரு வரி பாடுகிறார் என்பதையும் சொன்னாள். முன்பெஞ்சில் பக்கத்தில் உட்கார்கிற பெண்ணின் அம்மாவும் வெளியூரில் இருப்பதைச் சொன்னாள். கடைசியில், "அம்மா, இப்ப நான் வேற ஒண்ணும் பாக்கலம்மா, நெஜமா. கட் பண்ணாத" என்றாள்.

நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் 'ம், ம்' என்று மட்டும் சொல்கிறாள் என்று எட்வர்டிடம் அழுதாயாம். அவள் உன் முகத்தைத் திரையின் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கி வைத்துவிட்டு, மீதி இடத்தில் விளையாடிக்கொண்டுதான் இருந்தாள், அம்மா. பக்கத்தில் இருந்த எங்களுக்கு அது தெரியும். உனக்குச் சொல்ல மனம் வரவில்லை. அது உன்னை வருத்தியது அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எட்வர்ட் வந்து திறந்து உன்னைக் கூப்பிட்டபோது ஜெபா தூங்கிவிட்டாள். நீ பதறிப்போயிருந்தாய். ஒரு சாவியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அத்தனை தூரத்தில் நீ துடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்கு ஒரு வழி செய்திருக்கிறோம். சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். கங்கம்மா தன் பழைய பட்டன் போனைத் தேடி எடுத்துத் தந்தார். "இதுல படமும் வராது ஒரு எழவும் வராது, பேசலாம், அவ்ளோதான்" என்றார். அது பெட்டிக்கு மேல், பூட்டு இல்லாமல் எப்போதும் இருக்கும். எண்ணைக் கடித உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். மில் வாட்ச்மேனிடமும் கொடுத்தாயிற்று. முகம் பார்க்க ஞாயிறு காலை இருக்கிறது. மற்ற நாட்களில் சாயங்காலம் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் இதில் கூப்பிடு. மணி அடித்தால் ஜெபாவைத் தவிர யாரும் எடுக்கக்கூடாது என்று அவளே சட்டம் போட்டிருக்கிறாள்.

பிள்ளை விடுதியிலும் நன்றாகத்தான் இருப்பாள். ஒழுங்கு வரும், படிப்பும் வரும். ஆனால் அம்மாவும் தூரத்தில், அப்பாவும் தூரத்தில் என்று ஆகிவிடும். நான் கெட்டிக்காரன் இல்லை. இந்தப் பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்று உறுதி சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வருடம் கொடுத்துப் பார் என்று மட்டும் கேட்கிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் எட்வர்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்போது பொட்டலத்தைப் பிரி. உள்ளே ஒரு சாவி இருக்கும். கொண்டியில் ஒரு துளை மீதி இருந்தது. வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் பூட்டு வேண்டும் என்று ஜெபா கேட்டதால் உனக்கும் ஒன்று வாங்கி, அவள் கையாலேயே பெயின்டில் உன் பெயரை எழுதி மாட்டியிருக்கிறாள். வேறு சாவி இங்கே கிடையாது. அதனால் எங்கள் பூட்டுகள் தினமும் மூடித் திறக்கின்றன, உன்னுடையது மட்டும் திறந்தபடியே தொங்குகிறது. நேற்று ஜெபா அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இத அமுக்கிட்டா, அம்மா வந்துதானே தாத்தா தொறக்கணும்?" என்று கேட்டாள். அவள் அமுக்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. தொக்கு காரமாக இருக்கும், தயிரோடு சேர்த்துக்கொள். கர்த்தர் உன்னை அங்கே பத்திரமாக வைத்திருந்து, அதேபோலப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சாவியைத் தொலைத்துவிடாதே அம்மா.

இப்படிக்கு,
உன் மாமா
ஆசீர்வாதம்