ஏரிப் படிக்கட்டில் போட்ட தீனி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வறட்டு இருமல் விட்டதா என்று கேட்காமல் எனக்கு எழுத்து ஓடாது, அதனால் கேட்டுவிட்டேன், பதில் போடும்போது முதல் வரியிலேயே அதை எழுது. இங்கே நாங்கள் இருவரும் நலம்தான். அப்பாவின் மூட்டு ஆபரேஷனுக்குப் போட்ட தையலைப் பிரித்தாயிற்று, டாக்டர் அவரை வீட்டுக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார், இவரோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னை ஊர் முழுக்க நடக்கவிடுகிறார். ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோன் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். இதில் நான் எழுதப்போவது அவர் காதில் விழக்கூடாது. அவரைப் பொறுத்தவரை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போகத் தோதான இடங்களைப் பற்றி உனக்கு விவரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதையும் எழுதத்தான் போகிறேன். நீ லீவில் வருவதாகச் சொன்ன அன்று எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய், நினைவிருக்கிறதா. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் மகள் உன்னோடு இருக்க அவள் அம்மா சம்மதித்துவிட்டாள் என்றாய், அவளுக்கு மீன் பிடிக்கிறதுன்னா உயிராமே, சின்னப் பிள்ளையக் கூட்டிட்டுப் போற மாதிரி நல்ல இடமா பாத்து வைங்கம்மா என்று நீதான் கேட்டாய். நீயும் அவள் அம்மாவும் பிரிந்தபோது அவளுக்கு இரண்டு வயது, இப்போது எட்டு. சில்வண்டு என்று அன்றைக்கு நான் வைத்த பெயர் இன்றும் அப்படியே பொருந்துகிறது, தூங்கும்போதுதான் வாய் மூடும். நீ கேட்டதும் அப்பா துள்ளிக் குதிக்காத குறை. நான் மீனைச் சட்டியில் பார்த்தவளே தவிர தண்ணீரில் பார்த்தவள் இல்லை, ஆனாலும் அவர் உத்தரவு போட, தையல் கடையைத் திறப்பதற்கு முன்னால் தினமும் ஒரு தண்ணீரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பூங்காவுக்குள் இருக்கும் குளம் பார்க்க நன்றாக இருக்கிறது, சுற்றிக் கம்பி போட்டிருக்கிறார்கள், நிழல் இருக்கிறது, பெண்களுக்குக் கழிவறையும் சுத்தம். ஆனால் அங்கே மீனைவிட வாத்து அதிகம், தூண்டிலில் வைக்கும் இரையை எல்லாம் அதுகளே தின்றுவிடுகின்றன. அப்பா கேட்டுவிட்டு, வாத்துக்குச் சோறூட்டப் பிள்ளைய எதுக்குக் கூட்டிட்டுப் போகணும் என்றார். கால்வாய்ப் பாலத்தின் கீழ் மீன் துள்ளுவது கண்ணுக்கே தெரிகிறது, ஆனால் கரை வழுக்குகிறது, தண்ணீர் இழுக்கிறது, அந்தப் பக்கம் அவளைக் கொண்டுபோகவே கூடாது, இதை மனதில் வை. கல் எடுத்த பள்ளத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம், காலை வைத்தால் ஆழம். கடைசியில் தண்ணீர் ஏற்றும் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரிதான் சரி என்று முடிவாயிற்று. கிழக்குப் பக்கம் அகலமான சிமெண்டுப் படிக்கட்டு, படி முடிந்த பிறகும் பிள்ளைக்கு முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர், மேலே பெரிய மரம். கழிவறைச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. தொப்பி என்றால் எல்லோருக்கும் அவரைத் தெரியும், சிடுமூஞ்சிதான், ஆனால் பிள்ளைகள் யாராவது கடைசிப் படிக்கு இறங்கினால் அந்தக் கோடியிலிருந்தே சத்தம் போடுவார், எனக்கு அது பிடித்திருந்தது.

இடம் பார்த்ததோடு அப்பா விடவில்லை. ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்குத் தினமும் தீனி போட்டு வந்தால் மீன் பழகிவிடுமாம், அந்த நேரத்துக்குத் தானாக வந்து கூடுமாம். பல வருஷம் கழித்து அப்பாவும் மகளுமாகப் போகிறார்கள், பிள்ளை தூண்டிலைப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும், போட்டதும் தக்கை முங்கணும், அவ கண்ணுக்கு இவன் பெரிய ஆளாத் தெரியணும் என்றார். சொன்ன கையோடு என் சமையலறையில் நுழைந்தார், ரொட்டித்தூளும் வேகவைத்த மக்காச்சோளமும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு என் நல்ல பாத்திரத்தில் பிசைந்தார், அந்தப் பாத்திரம் இனி எதற்கும் ஆகாது. அதை உருண்டை பிடித்துப் பையில் போட்டு, காலை முதல் பஸ்ஸில் நான் கொண்டுபோய் மரத்தடியிலிருந்து மூன்றாவது படியில் நின்று வீசிவிட்டு வருவேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் குமிழி வந்தது. அப்புறம் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே தண்ணீர் கலைய ஆரம்பித்தது. பெத்த பிள்ளைங்க வராட்டியும் இதுங்க உங்களத் தேடி வந்துடுதும்மா என்று தொப்பி கிண்டல் செய்தார், நானும் சிரித்தேன்.

போன ஞாயிறு பஸ் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது படியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, பொது இடம் என்றாலும் அது நம் இடம் இல்லையா, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வேகமாக இறங்கினேன். பாதியில் குரல் கேட்டது. சில்வண்டு. அவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தவர், அவள் அம்மா மறுமணம் செய்துகொண்டாளே, அந்த லிஃப்ட் மெக்கானிக். தூண்டில் முழுக்கப் பிள்ளை கையில், அவர் அவளுடைய சட்டையின் பின்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். வாளியில் ஏற்கெனவே மீன்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தக்கை முங்கியது, அவள் கத்தின கத்தலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் எழும்பியது. பக்கத்தில் தூண்டில் போட்டு ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து அவள் சொல்கிறாள், எங்க அப்பா ரொம்ப கைராசி, அவர் உக்கார்ற எடத்துக்கு மீன் தானா வரும் என்று. கையில் தீனிப் பையோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் பாட்டி என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள், ஈரக் கையோடு. பையில என்ன என்று கேட்டாள், பறவைக்குப் போடக் கொண்டுவந்தேன் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவருக்குப் போதவில்லை. மீன் பிடிக்கிற ஆள் அல்லவா, பையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளை வாளிப் பக்கம் போனதும் எழுந்து வந்து, எவ்வளவு நாளாம்மா போடுறீங்க என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா இங்க உக்காந்திருக்க மாட்டேன், அவர் வந்துட்டுப் போற வரைக்கும் நாங்க பூங்காப் பக்கம் போயிக்கிறோம், தேதி மட்டும் சொல்லுங்க என்றார். அதோடு நிற்கவில்லை, பிள்ளையிடம் திரும்பி, எனக்கு ராசியும் இல்ல ஒண்ணும் இல்லடா, இது யாரு செஞ்ச வேலை தெரியுமா என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். வேண்டாம் தம்பி, சொல்லாதீங்க என்றேன்.

ஏன் தடுத்தேன் தெரியுமா. அவர் தேதி கேட்டார், என்னிடம் தேதி இல்லை. இதற்கு முன் இரண்டு முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ வரவில்லை. போன வாரம் பேசும்போதும் லீவு விஷயம் பாக்கலாம்மா என்றாய். உன் பாக்கலாம் எனக்குத் தெரியாதா, சின்ன வயதில் வேண்டாத சாப்பாட்டுக்கும் அதைத்தான் சொல்வாய். உனக்காக உன் அப்பா வர்றார், அவருக்காகத்தான் பாட்டி தினமும் வந்து தீனி போட்டாள் என்று அவளிடம் சொல்லி, அப்புறம் நீ வராமல் போனால் அந்த மூன்றாவது படியில் அவள் எப்படி உட்காருவாள். அதை என்னால் செய்ய முடியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதத்தான் கை வரவில்லை. அவள் உன்னை ஃபோன் அப்பா என்கிறாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாக வைத்துக்கொண்ட பெயர், கோபமும் அதில் இல்லை. கிளம்பும்போது, பாட்டி, ஃபோன் அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், ஆனா புழுவத் தொட மாட்டான், தாத்தாதான் கோத்துத் தருவாரு என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, பரவால்ல, வந்தா நான் கோத்துத் தரேன்னு சொல்லுங்க என்றாள். சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அந்த மனிதர்மேல் கோபப்படலாம் என்று எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை, அவர் அவளுடைய சட்டையைப் பிடித்திருந்த பிடியே கண்ணில் நிற்கிறது. உன்மேல்தான் கோபம் வந்தது, அதையும் மறைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, மீன் கூடிச்சா என்று கேட்டார். கூடிச்சு, நிறைய என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, நாளைக்கு ஒரு கைப்பிடி சேர்த்துப் போடு, அவன் வர்ற நேரத்துல குறையக் கூடாது என்றார். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்த வீணாய்ப் போன பாத்திரத்தைத் தேய்க்கிற சாக்கில் வெகுநேரம் அழுதேன்.

உன் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வா என்று கட்டாயப்படுத்தவும் மாட்டேன். வருவதானால் டிக்கெட் எடுத்துவிட்டு, எடுத்த பிறகு தேதியை எழுது, அன்றைக்கே லிஃப்ட்காரரிடம் போய்ச் சொல்கிறேன், மூன்றாவது படி உனக்கும் அவளுக்கும் காலியாக இருக்கும். வர முடியாது என்றால் அதையும் எனக்கு மட்டும் ஒரு வரி எழுது, பாக்கலாம் என்று எழுதாதே, அப்பாவிடம் எப்போது எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படியானாலும் காலையில் தீனி போடப் போவதை நான் நிறுத்தப் போவதில்லை, அங்கே உட்காருவது நம் பிள்ளைதானே. நீ வராவிட்டால் லிஃப்ட்காரர் கைராசியால்தான் மீன் வருகிறது என்றே அவள் கடைசிவரை நினைத்துக்கொள்ளட்டும். நான் சொல்லப்போவதில்லை.

வெந்நீர் குடி, இருமலை அலட்சியம் செய்யாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்வது அதுதான். அப்பா கேட்டால், இடத்தைப் பற்றி அம்மா எல்லாம் எழுதியிருந்தாள் என்று சொல். தேதியை மறக்காதே.

உன் வரியை எதிர்பார்த்திருக்கும்
அம்மா