டைல்ஸ் போட்டதும் வளர்ந்த பிள்ளைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நன்றாக இருக்கிறீர்கள்தானே?

வார்டு உறுப்பினர் ஆனதிலிருந்து உன் அப்பா வீடு தங்குவதே இல்லை. தெருமுனைக் குழந்தைகள் மையத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தார், அன்றிலிருந்து மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்த மாதமே டீச்சர் சுவரில் நிறுத்தி அளந்தால் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு விரல் வளர்ந்திருக்கிறார்கள்! நல்ல இடம் அமைச்சுக் குடுத்தா பிள்ளைங்க தானா வளரும்னு கூட்டத்தில் மார்தட்டிக்கொண்டார். எதிர்வீட்டு டிரைவர் மகள் சிட்டு, நாலு வயசிலும் ரெண்டு வயசுப் பிள்ளை மாதிரி இருப்பாளே, அவளும் தேறிவிட்டாள் என்று அவளுக்குத் தனியாகக் கொடுத்த பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டார்கள். போன வருஷத்துச் சட்டை இன்னும் தொளதொளவென்று தொங்குகிறது, எங்கே வளர்ந்தாளாம்? சுகாதார நிலைய நர்ஸிடம் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று நின்றார். சுவரில் முன்பே அளவுகோடு வரைந்தது சுகாதாரத்துறை, பழைய தரைமேலேயே டைல்ஸ் பதித்தது உன் அப்பா, ஒருவருக்கொருவர் சொல்லவே இல்லை. வளர்ந்தது தரை, பிள்ளைகள் இல்லை.

அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை வயித்துல அடிச்சிட்டேனேடி என்று புலம்பினார். மறுநாளே டீச்சர், நர்ஸ், குடிநீர் இன்ஜினியர் எல்லோரையும் நம் கூடத்தில் உட்காரவைத்தார், டீ போட்டே எனக்குக் கை வலித்தது. பால் குடுத்து என்ன, அடிக்கடி வயித்தால போனா உடம்புல எங்க ஒட்டும் என்றார் நர்ஸ். சிட்டு வீட்டுச் சந்துக் குழாய் சாக்கடைக்குள்ளே போகுது, மாத்த நான் ரெடி, தோண்டுன ரோட்டை யார் மூடுறது என்றார் இன்ஜினியர். நான் மூடுறேன்யா என்றார் அப்பா. இத்தனை நாள் இழுத்த வேலை இந்த ஒரு பேச்சில் முடிந்தது, அதைச் சொல்! இப்போது மாதாமாதம் இங்கேதான் கூடுகிறார்கள், அளவுகோடும் புதிதாக வரைந்தாயிற்று, சிட்டுவுக்குப் பாலும் முட்டையும் மறுபடி கொடுக்கிறார்கள்.

போன வாரம் அளந்தபோது சிட்டு கொஞ்சம் உயர்ந்திருந்தாள். அப்பா நம்பவில்லை, குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. முழங்கால்தான் என்றார், கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். ஒன்று மறந்தேனே, கதவோரம் குட்டிப்பயலை நிறுத்தி உயரம் அளந்த போட்டோ அனுப்பினாயே, கீழே கால்மிதி கிடக்குது, எடுத்துட்டு மறுபடி அளக்கச் சொல்லு என்கிறார் உன் அப்பா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா